முதல் ஊசியில் பிழைத்த நாய் அடுத்த ஊசியில் சாவு!
நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த மர்மம்

1902-ல் பாரீஸ் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் நெப்டியூன் என்ற நாய் துடிதுடித்துச் செத்தது. நல்ல திடகாத்திரமான நாய். ஊசி போட்டவர் டாக்டர் ஷார்ல் ரிஷே. பாரீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், பெரிய சர்ஜன் ஒருவரின் மகன்.

அதற்கு முந்தைய ஆண்டு மொனாக்கோ மன்னர் ஆல்பர்ட்டின் கப்பலில் ரிஷேயும் போர்ட்டியேயும் போனார்கள். சொறி மீன் போல மிதக்கும் கடல் பிராணியின் விஷத்தை ஆராயச் சொன்னார் மன்னர். பாரீஸ் திரும்பினால் அந்தப் பிராணி கிடைக்கவில்லை. கடல் சாமந்தி விஷத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அம்மை குத்துவது போல, கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி நாயைப் பழக்கிவிடலாம் என்பது கணக்கு. முதலில் போட்ட ஊசி நெப்டியூனை ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மறுபடி ஊசி. புது நாயைக் கொல்லாத சின்ன அளவுதான். சில வினாடியில் மூச்சு இரைத்தது. ரத்த வாந்தி. 25 நிமிடத்தில் கதை முடிந்தது!

காவலுக்கு நின்ற உடம்பே எதிரியாகி விட்டது என்று கண்டுகொண்ட ரிஷே, அதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். முன்பு ஒத்துக்கொண்ட பென்சிலின் ஊசியோ, குளவிக் கடியோ சிலருக்கு அடுத்த தடவை தொண்டையை அடைத்து, ரத்த அழுத்தத்தை இறக்கி ஆளையே சாய்ப்பது இதனால்தான். ஒவ்வாமை ஆஸ்துமாவும் இதற்குப் பங்காளி. இதில் ஆள் யார் என்பது, அதாவது ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள், 1960-களில்தான் பிடிபட்டது.

ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு. இவ்வளவு கெட்டிக்காரர் ஆவி பேசும் கூட்டங்களுக்கும் விடாமல் போய் வந்தார் என்பதுதான் வேடிக்கை. 1935 டிசம்பர் 4-ந் தேதி, 85-வது வயதில் பாரீசில் காலமானார்.