பாதம் எரியுதா? அட்டைக்குப் பின்னால் ஒரு சுப்பாராவ்

நாவலூர் ஆபீஸ் ஏசியிலும் பாதம் மட்டும் எரியுதா? டாக்டர் எழுதித்தந்த பி காம்ப்ளெக்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்க. பலவற்றில் கால்சியம் பான்டோதெனேட் என்றிருக்கும். 1930-களின் கடைசியில் ஹார்வர்டில் அந்த வைட்டமினை ஆராய்ந்தவர்களில் ஒருவர், எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்பிபிஎஸ் கிடைக்கல, அதைவிடக் கீழான எல்எம்எஸ்தான். அமெரிக்காவில் ராத்திரி மருத்துவமனை வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுக்குள் நுழைந்தார். ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்த லெடர்லி குழுவின் தலைவரும் அவர்தான்.

சேலத்துக்காரரான டாக்டர் சி.கோபாலன், பாத எரிச்சலோடு வந்த சத்துக்குறைவு நோயாளிகளுக்குப் பான்டோதெனேட் ஊசி போட்டார், எரிச்சல் தணிந்தது. அதை 1946-ல் எழுதினார். (எல்லா எரிச்சலுக்கும் இது மருந்தல்ல. சுகர், பி12 டெஸ்ட் எடுத்தாகணும்.)

1948-ல் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53.