வளரும் முன்னே வளர்ந்தவர்: செங்கோட்டை கிட்டப்பாவின் இளமை

பைம்பொழில் என்னும் பெயரே பண்பொழி என மருவிற்று என்பர். பசுஞ்சோலையைக் குறித்த சொல், பண் பொழியும் ஊர் எனப் பொருள் தருமாறு மாறி நிற்பது தற்செயலே. ஆயினும் இவ்வட்டாரத்திற்கு அது பொருந்தாமல் போகவில்லை. பண்பொழித் திருமலைக் குன்றுக்குச் சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டையில் பிறந்த ஒரு சிறுவனின் குரல், ஒலிபெருக்கி இல்லாத நாளில், தமிழ்நாட்டு அரங்குகளிலும் இலங்கை அரங்குகளிலும் கடைசி வரிசை வரை சென்று ஒலித்தது. அவரே நாடக மேடையின் இசையரசராகப் போற்றப்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் பெற்ற புகழைப் பலரும் எழுதியுள்ளனர். அப்புகழுக்கு விலையாக அவர் கொடுத்த இளமையை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் சூழலும்

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. கிட்டப்பாவுக்கு ஐந்து வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 1911 ஜூன் 17இல், அதே ஊரில் பிறந்த வாஞ்சிநாதன் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சித் தலைவர் ஆஷைச் சுட்டு வீழ்த்தித் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். ஊர் முழுவதும் அச்செய்தியால் அதிர்ந்து நின்ற காலம் அது.

பிள்ளைகள் மிகுந்த ஏழைக் குடும்பம். வீட்டில் பாட்டு இருந்தது, பணம் இல்லை. அக்காலத்தில் இத்தகைய வீடுகளுக்குத் திறந்திருந்த கதவு நாடகக் கம்பெனி ஒன்றே. பள்ளிக்குச் சென்றால் சம்பளம் கட்ட வேண்டும். கம்பெனிக்குச் சென்றாலோ சோறும் துணியும் கிடைக்கும். திறமை இருந்தால் வீட்டுக்குப் பணமும் வரும். இக்கணக்கே பல சிறுவர்களின் தலையெழுத்தை முடிவு செய்தது. கிட்டப்பாவின் சகோதரர்களும் நாடகத் தொழிலை நாடினர். ஏட்டைப் பிடிக்க வேண்டிய வயதிலேயே அவரும் மேடை ஏறினார்.

கம்பெனி என்னும் பள்ளி

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், பெரிய நடிகர்களிடம் ஒழுங்கும் கட்டுப்பாடும் குறைந்திருப்பதைக் கண்டு, சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்த முற்பட்டார். 1918ஆம் ஆண்டு மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், ஆறு வயதுச் சிறுவரான தி.க. சண்முகம் தம் சகோதரர்களுடன் சேர்ந்தார். பின்னாளில் எம்.ஜி. இராமச்சந்திரனும் அவர் தமையனாரும் வறுமை காரணமாகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். ஆகவே கிட்டப்பாவின் இளமை தனியொருவரின் கதையன்று. ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கதை.

அக்கம்பெனிகளில் வாத்தியாரே தாயும் தந்தையும் ஆசானும் ஆவார். பகலில் பாடமும் பாட்டும். இரவில் விடிய விடிய நாடகம். பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர். வரி தவறினால் அடி விழும். குரல் கெட்டால் வேடம் போகும். ஓர் ஊரில் சில வாரங்கள், பிறகு இரயிலேறி வேறோர் ஊர். விளையாட்டுத் தோழன் என்று ஒருவனைத் தேடிக்கொள்ளவும் நேரம் இராது. மற்றச் சிறுவர்கள் தாயின் மடியில் கதை கேட்கும் வயதில், இவர்கள் அரசனாகவும் துறவியாகவும் கணவனை இழந்து அழும் மனைவியாகவும் நின்று, தாம் அறியாத துயரங்களை ஊரார் கண்கலங்கப் பாடினர். உணர்வுகளை வாழ்ந்து அறியுமுன் நடித்து அறிந்தனர் எனலாம்.

மகரக்கட்டு

இச்சிறுவர்கள் எல்லாரும் அஞ்சிய ஒன்று உண்டு. அது வளர்ச்சி. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்து கரகரப்பதை மகரக்கட்டு என்பர். மற்ற வீடுகளில் பிள்ளை ஆளாகிவிட்டான் என்று மகிழத்தக்க அம்மாற்றம், நாடகச் சிறுவனுக்கோ பிழைப்புக்கு வந்த கேடாக அமைந்தது. நேற்று வரை கைதட்டல் பெற்றவன் இன்று பாட இயலாமல் நின்றான். சிலருக்குக் குரல் திரும்பியது, பலருக்குத் திரும்பவில்லை. அவர்கள் சிறு வேடங்களுக்கும் திரைக்குப் பின்னுள்ள பணிகளுக்கும் ஒதுங்கினர். சிலர் தொழிலையே விட்டு அகன்றனர். எழுத்தறிவும் இல்லாமல், வேறு கைத்தொழிலும் இல்லாமல் ஊர் திரும்பிய அவர்களுடைய பெயர்களை எந்த வரலாறும் குறித்து வைக்கவில்லை.

கிட்டப்பாவின் குரல் அந்தக் கண்டத்தைக் கடந்தது. மிக உயர்ந்த சுருதியில் தளராமல் பாடும் ஆற்றல் வளர்ந்த பின்னும் அவரிடம் நிலைத்தது. இன்றும் கிடைக்கும் அவருடைய இசைத்தட்டுகளே அதற்குச் சான்று. பதின்பருவத்தில் கன்னையாவின் ஸ்ரீ கிருஷ்ண விநோத சபையில் சேர்ந்த அவர், தசாவதாரம் நாடகத்தில் பரதனாகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றார். முறைப்படி நெடுநாள் குருகுலவாசம் செய்யாமலே, கேட்ட இசையை உள்வாங்கிப் பாடும் கேள்விஞானம் அவருக்கு வாய்த்திருந்தது. தியாகராசரின் கீர்த்தனைகளை அவர் மேடையில் பாடக் கேட்க, நாடகம் பார்க்க வாராத இசைவாணர்களும் வந்தனர். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்து உடனிருந்தார்.

இளமையின் கடன்

குரல் காத்தது, காலம் காக்கவில்லை. பிள்ளைப் பருவத்திலேயே குடும்பம் தாங்கியவர், பதினெட்டாம் வயதில், 1924இல், கிட்டம்மாளை மணந்து குடும்பத் தலைவராகவும் ஆனார். இலங்கையில் நாடகம் ஆடச் சென்றபோது, கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலைச் சந்தித்தார். வறுமையால் இளமையிலேயே மேடைக்கு வந்தவர் சுந்தராம்பாளும். இருவரும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் மக்களை மயக்கியது. 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். அவ்வாழ்வில் அன்பும் இருந்தது, பிணக்கும் பிரிவும் இருந்தன. வேண்டாம் என்று தடுக்கவோ, ஓய்வு கொள் என்று சொல்லவோ ஒருவரும் இல்லாத நிலையில் புகழும் பணமும் இளைஞர் ஒருவரைச் சூழ்ந்தால் நேர்வது அவருக்கும் நேர்ந்தது. மதுப்பழக்கமும் நோயும் அவர் உடலை அரித்தன என்பதை அவர் வரலாற்றை எழுதியோர் பலரும் குறித்துள்ளனர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்ட இருபத்தேழு வயது அது.

அதன்பின் வெள்ளாடை உடுத்துத் துறவுக்கோலம் பூண்ட சுந்தராம்பாள், 1980இல் மறையும் வரை அக்கோலத்தை மாற்றவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

கம்பெனி இல்லையேல் கிட்டப்பா இல்லை என்பர் சிலர். அது உண்மையே. சோறிட்டதும் இசையூட்டியதும் அந்த அரங்கமே. ஆனால் ஒரு குழந்தையின் திறமையைக் கண்ட சமுதாயம் அக்குழந்தையைக் காணத் தவறியது என்பதும் உண்மையே. அன்று அதற்கென ஒரு சட்டமும் இருந்ததில்லை. இன்று, 2016ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், திரையிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், அதன் வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டை அதன் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும் என்றும் கூறுகின்றன. சட்டம் வந்துவிட்டது. அதைக் காக்கும் மனம் வீடுதோறும் வர வேண்டும்.

நன்றாகப் பாடும் பிள்ளையையும் நன்றாகப் படிக்கும் பிள்ளையையும் கண்டவுடன் குடும்பத்தின் கடனையெல்லாம் அதன் தோளில் ஏற்றிவிடும் வழக்கம் இன்னும் நம்மிடையே மறையவில்லை. ஆசிரியராகவும் பெற்றோராகவும் நாளை விளங்கப்போகும் மாணவச் செல்வங்கள் கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்கும்போது, அந்த உச்சக் குரலோடு, அதற்குப் பின்னே நின்ற ஆறு வயதுச் சிறுவனையும் நினைத்தல் வேண்டும். கனியின் சுவைக்காகப் பூவைப் பறிப்பார் எவரும் இலர். குழந்தைகள் அவரவர் காலத்தில் வளர இடமளிப்பதே, வளரும் முன்னே வளர்ந்துவிட்ட அக்கலைஞருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.