அபினை எதிர்த்து எழுதிய பினாங்கு டாக்டர்

ஜார்ஜ்டவுன் சூலியா சாலையில் 1904ஆம் ஆண்டு இறுதியில் ஓர் இளம் டாக்டர் கிளினிக் திறந்தார். பெயர் வூ லியென் தே. 1879இல் இதே ஊரில் ஒரு பொற்கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் முடித்தவர். ஆனால், காலனி அரசின் மருத்துவச் சேவையில் உயர் பதவி வெள்ளையருக்குத்தான். அதனால் சொந்தத் தொழில்.

சொந்தத் தொழில் என்றால் நாலு பேரின் தயவு வேண்டும். அன்றைய பினாங்கின் பெரிய மனிதர்களில் பலர் அபின் குத்தகையில் பணம் பார்த்தவர்கள். நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்திலும் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்த நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

வூ எவரையும் பகைத்துக்கொள்ளாமல் ஊசி போட்டு, மருந்து கொடுத்துக் காலம் தள்ளியிருக்கலாம். அவரோ அபின் ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். எழுதினார், மேடையேறினார், 1906இல் ஈப்போவில் மாநாடு கூட்டினார். 1907இல் அவருடைய மருந்தகத்தில் சோதனை நடந்தது. அகப்பட்டது ஓர் அவுன்ஸ் அபின் டிங்சர். எந்த டாக்டரின் அலமாரியிலும் அன்று இருந்திருக்கக்கூடிய மருந்துதான். அபினை எதிர்த்தவர் மீதே அபின் வழக்கு! அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் பலிக்கவில்லை.

வழக்குச் செய்தி வெளிநாடுகளுக்கும் போனது. சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908இல் அவர் தியென்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

1910 டிசம்பரில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய். அனுப்பப்பட்ட வூவுக்கு வயது 31. பிரேதத்தை அறுத்துப் பார்ப்பதே பெரும் பாவமாகக் கருதப்பட்ட ஊரில், சத்தமில்லாமல் அறுத்துப் பார்த்தார். இது எலியால் பரவும் வகை அல்ல, மூச்சுக்காற்றில் பரவுவது என்று பெய்ஜிங்கிற்குத் தெரிவித்தார். மூத்த பிரெஞ்சு மருத்துவரான மெஸ்னி அதை ஏற்கவில்லை. வூவைச் சிறுமைப்படுத்திப் பேசினார். தம்மை விட மூத்தவரிடம் வளைந்துபோவதற்குப் பதில், வூ பதவி விலகல் கடிதத்தைத் தந்தியில் அனுப்பினார். அரசு வூவின் பக்கம் நின்றது. மெஸ்னி முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோயில் இறந்தார்.

அதைவிடக் கடினமான கடிதம் ஒன்று பாக்கியிருந்தது. மண் உறைந்து குழி தோண்ட முடியாமல் 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் இடுகாட்டில் கிடந்தன. முன்னோரின் உடலைப் போற்றும் மக்களிடம், எரிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வூ அரண்மனைக்கே எழுதி அனுமதி வாங்கினார். 1911 ஜனவரி இறுதியில் உடல்கள் எரிக்கப்பட்டன. சுமார் 60,000 உயிர்களைக் குடித்த அந்நோய் ஏப்ரலுக்குள் அடங்கியது.

1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்தார். 1960 ஜனவரி 21ஆம் நாள் பினாங்கிலேயே காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த அவரது தன்வரலாற்றில் ஹார்பின் வெற்றி மட்டுமல்ல, பினாங்கு அபின் வழக்கும் இருக்கிறது.