மவுண்ட் ரோட்டில் எழுந்த கனவு
(எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்: 1908 – 1954)

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

கிராமத்திலிருந்து ஒருவர் முதன்முறையாகச் சென்னைக்கு வந்து இறங்குவதைத் திரைப்படத்தில் காட்ட வேண்டுமானால், அந்நாளைய இயக்குநர்கள் இரண்டு இடங்களை மறப்பதில்லை. ஒன்று சென்ட்ரல் ரயில் நிலையம், மற்றொன்று எல்.ஐ.சி. கட்டடம். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ரயிலேறிச் சென்று, அண்ணா சாலையில் நின்று, தலையிலிருந்த துண்டு நழுவுமளவுக்கு அண்ணாந்து பார்த்த கதையை நம் தாத்தாக்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கட்டடத்தை எழுப்ப எண்ணியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் அரசாங்கம் என்றுதான் விடை சொல்வார்கள். அது சரியான விடையன்று. ஒரு கணினி விளையாட்டின் பொருட்டு அக்கட்டடத்தின் மாதிரியைச் செய்ய என் அண்ணன் செய்திகள் திரட்டிய போதுதான் சிதம்பரம் செட்டியார் என்னும் பெயர் எனக்கும் தெரிய வந்தது. அவருடைய வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

சிதம்பரம் செட்டியார் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சர் எம்.சிடி. முத்தையா செட்டியார், பெருஞ்செல்வர். நகரத்தார் பல தலைமுறைகளாகப் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டிக்கடை வைத்து வாணிபம் செய்தவர்கள். காரைக்குடிப் பக்கம் சுற்றுலா சென்ற தோழியர் அவர்களுடைய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய செல்வத்தின் நடுவே பிறந்த போதிலும், இவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். ஏறத்தாழ இருபது வயதில், குடும்பத் தொழில்கள் அனைத்தின் பொறுப்பும் இவர் தோளில் இறங்கியது.

தந்தை வைத்துச் சென்றதைக் காப்பாற்றி, ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பழைய வட்டிக்கடை முறையில் ஒரு குறை இருப்பதை அவர் கண்டார். ஒரு குடும்பத்தின் பணம், ஒரு குடும்பத்தின் நம்பிக்கை, ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம் என்று நடந்த தொழில் அது. கடல் கடந்து உழைக்கும் தமிழன் ஊருக்குப் பணம் அனுப்பவும், வணிகர் வெளிநாட்டுப் பணத்தை மாற்றவும் முறையான வங்கி ஒன்று வேண்டும் என்று அவர் எண்ணினார். இவ்வாறு பிறந்ததே இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது திறக்கப்பட்டது. அன்று அதன் நிறுவனருக்கு வயது 28! பள்ளியிலுள்ள அக்காமார்களில் சிலருக்கு இன்று அந்த வயதுதான் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. விரைவில் பினாங்கிலும் ஒரு கிளை தொடங்கப்பட்டது.

ஐந்தே ஆண்டுகளில் பெரும் சோதனை வந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை 1942-ஆம் ஆண்டு மார்ச்சில் ரங்கூனைக் கைப்பற்றியது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பல்லாயிரவர், காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர் பலர். நகரத்தார் பர்மாவில் வைத்திருந்த நிலமும் பொருளும் பெரும்பகுதி கைவிட்டுப் போயின. கடல் கடந்த வாணிபத்துக்கென்றே தொடங்கிய வங்கி அப்போதே மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-இல் அவ்வங்கிக்கு இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன. மக்கள் நம்பிச் செலுத்திய வைப்புத் தொகை 6 கோடியே 64 லட்சம் ரூபாய்.

வங்கியோடு அவர் நிற்கவில்லை. கேரளத்தில், பெரும்பாவூரில், பெரியாற்றின் கரையில் திருவாங்கூர் ரேயான்ஸ் என்னும் ஆலையை நிறுவினார். மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு இழை எடுக்கும் தொழில் நம் நாட்டில் 1950-இல் அங்கேதான் தொடங்கியது. அவ்வாலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது.

நம் கட்டடத்தோடு தொடர்புடையது அவருடைய மற்றொரு நிறுவனம். 1906 முதல் சென்னையில் இயங்கிவந்த யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவர் தலைமையில் நன்கு வளர்ந்தது. குடும்பத் தலைவர் திடீரென இறந்தால் மனைவி மக்கள் தெருவில் நிற்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு மாதமும் சிறு தொகை கட்டிவர வேண்டும். இதுவே ஆயுள் காப்பீடு. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தவணை கட்டாத தெருவே இராது. அந்நாளிலோ சாவைப் பற்றி வாய் திறப்பதே அபசகுனம் என்று மக்கள் அஞ்சிய காலம். ஆகவே அந்நிறுவனத்துக்கு எல்லார் கண்ணிலும் படும்படி, எல்லார் மனத்திலும் உறுதியை ஊட்டும்படி ஒரு தலைமையகம் வேண்டும் என்று செட்டியார் எண்ணினார். உயர்ந்து நிற்கும் கட்டடத்தைப் பார்த்தால், இவர்கள் ஓடிப்போக மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஏழைக்கும் வரும் அல்லவா? அவர் அப்படி எண்ணியிருப்பார் என்பது என் ஊகமே.

அக்காலச் சென்னையில் கோபுரங்களும் மாதாகோவில்களும் உயர்நீதிமன்றத்துக் கலங்கரை விளக்கமுமே வானத்தைத் தொட்டன. மவுண்ட் ரோட்டில் இருந்தவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள். செங்கல் சுவரே பாரத்தைத் தாங்கும் முறையில் கட்டினால், மாடி கூடக் கூட அடிச்சுவரின் தடிப்பும் கூடிக்கொண்டே போகும். பிறகு கீழ்த்தளத்தில் மனிதர் உட்கார இடமிராது. கம்பியிட்ட கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் பாரத்தைத் தாங்கினால், சுவர் வெறும் திரைதான். அதில் எத்தனை ஜன்னல் வேண்டுமானாலும் வைக்கலாம். இன்று நம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலிருந்து லாரி லாரியாகச் செல்லும் முறுக்குக் கம்பிகளின் வேலை இதுவே. இலண்டனைச் சேர்ந்த எச்.ஜே. பிரவுன், எல்.சி. மோலின் என்னும் இருவரிடம் வரைபடம் தயாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1953-இல் வேலை தொடங்கியது.

1954-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள். செட்டியார் பயணம் செய்த பி.ஓ.ஏ.சி. விமானம் சிங்கப்பூரில் காலாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. ஓடுபாதை முனையில் இருந்த கடற்சுவரில் அதன் சக்கரம் மோதியது. தரையைத் தொட்ட விமானம் நிலைகுலைந்து, கவிழ்ந்து, தீப்பற்றியது. அதில் இருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். விமானப் பணியாளர் எழுவர் உயிர் தப்பினர்; பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சிதம்பரம் செட்டியார் அவர்களுள் ஒருவர். அவருக்கு அப்போது வயது 45. சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை என்று ஊர் மக்களுக்கு எடுத்துக்கூறிய தொழிலின் தலைவருக்கு, அது அவ்வாறே வந்தது. மவுண்ட் ரோட்டில் அப்போது கட்டடம் எழும்பத் தொடங்கியிருந்தது, அவ்வளவே.

அதற்குப்பின் நடந்தவை வேகமாக நடந்தன. 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் காலத்தில் நடுவண் அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கியது. யுனைடெட் இந்தியா உள்ளிட்ட 245 நிறுவனங்கள் இணைந்து, அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. பாதி எழுந்த கட்டடமும் கழகத்தின் கைக்கு மாறியது. 1957-இல் இலண்டன் கலைஞர்கள் விலகிக்கொண்டனர். சென்னையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடித்துக்கொடுத்தார். செலவு ஏறத்தாழ 87 லட்சம் ரூபாய். 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 177 அடி உயரம்! அன்று இந்தியாவிலேயே மிக உயர்ந்த கட்டடம் அது. இரண்டே ஆண்டுகளில் பம்பாயில் உஷா கிரண் அதை மிஞ்சிவிட்டது என்றாலும், சென்னைக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாட்டுடைமையானதால் காப்பீடு கிராமங்களுக்கும் சென்றது. அது நன்மையே; அதை நான் குறை கூறவில்லை. எனினும், கட்டடத்தைக் கனவு கண்டவரும் இல்லை, அவர் வைக்க எண்ணிய பெயரும் இல்லை என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

இனி மாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரம் அமைக்கும் கணினி விளையாட்டுகளைத் தோழியர் பலர் அறிவீர்கள். பெற்றோருக்காகச் சொல்கிறேன்: சாலை போட்டு, குடிநீரும் மின்சாரமும் கொண்டுவந்து, வீடும் பள்ளியும் மருத்துவமனையும் அமைத்து, ஒரு நகரை ஆளும் விளையாட்டு அது. பின்லாந்து நாட்டினர் உருவாக்கி 2015-இல் வெளிவந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் இவற்றுள் பெயர் பெற்றது. விளையாடுபவரே கட்டடங்களைச் செய்து அதில் நிறுத்தலாம். உலகெங்கும் பலர் வரலாற்றுப் புகழ் கொண்ட வானளாவிகளை அளவு பிசகாமல் செய்கிறார்கள். நாம் தையல் வகுப்பில் மிதிக்கும் சிங்கர் இயந்திரத்தின் நிறுவனத்தார், நியூயார்க்கில் 612 அடி உயரத்தில் ஒரு தலைமையகம் கட்டினார்கள். செட்டியார் பிறந்த அதே 1908-இல் அது முடிந்தது. அன்று உலகிலேயே உயர்ந்த அலுவலகக் கட்டடம். 1960-களின் இறுதியில் அதை இடித்துவிட்டார்கள். இன்று அதன் அழகைச் சுற்றிவந்து பார்க்க வேண்டுமானால், மாதிரியில்தான் பார்க்க முடியும்.

இது பொழுதுபோக்குத்தானே என்று எளிதாக நினைத்திருந்தேன். அண்ணன் செய்வதைப் பார்த்தபின் அப்படி நினைக்கவில்லை. விளையாட்டில் நிலம் 8 மீட்டர்ச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 177 அடி என்பது 54 மீட்டர். அதாவது ஏழு கட்டங்களை நிமிர்த்தி வைத்ததற்குச் சற்றுக் குறைவு. முதலில் வெறும் பெட்டி போன்ற உருவம். பிறகு பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து ஜன்னல் வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எல்லாவற்றையும் செதுக்கினால் கணினி திணறும். ஆகவே எதைச் செதுக்குவது, எதை வண்ணமாக மட்டும் ஒட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். தொலைவிலிருந்து காட்ட இன்னும் எளிய உருவம் ஒன்று தனியே வேண்டும். இரவில் எந்தெந்த ஜன்னல்களில் விளக்கெரியும் என்பதற்கு ஒரு கறுப்புவெள்ளைப் படம் வேறு.

மாடிகளை எண்ணுவதில் வந்தது வேடிக்கை. ஊரார் அதைப் பதினான்கு மாடிக் கட்டடம் என்கிறார்கள். பன்னிரண்டு என்று எழுதியவர்களும் உண்டு. பதினைந்து என்போரும் உண்டு. தரைத்தளத்தைச் சேர்ப்பதா, உச்சியில் உள்ளதைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. கணினி இல்லாத தோழியர் அட்டையிலும் முயலலாம். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் எல்.ஐ.சி. கட்டடம் ஏறத்தாழ 18 அங்குலத்தில் முடிந்துவிடும். சிங்கர் கட்டடமோ எங்கள் வகுப்பின் நெட்டைப் பெண்ணின் உயரத்துக்கு வந்து நிற்கும்!

மாடிகளை எண்ணி முடித்தபின், மாதிரிக்குப் பெயர் எழுதும் கட்டம் வந்தது. எல்.ஐ.சி. என்று எழுதினால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். அப்படியே எழுதினார். ஆனால் கீழே விளக்கம் எழுத இடம் இருந்தது. யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1953-இல் தொடங்கியது என்று நான் சொல்லச் சொல்ல, அண்ணன் தட்டச்சு செய்தார். முன்பின் அறியாத நாட்டில் யாரோ ஒருவர் தம் விளையாட்டு நகரின் நடுவே அதை நிறுத்தும்போது அந்த வரியையும் படிக்கக்கூடும்.

உண்மைக் கட்டடத்துக்கும் துன்பம் வராமலில்லை. 1975-ஆம் ஆண்டு ஜூலையில் அதில் பெருந்தீ மூண்டது. பின்னர்ப் பழுது பார்த்து மீண்டும் பயன்படுத்தினார்கள். செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969-இல் நாட்டுடைமையாயிற்று. அதன் தலைமையகம் இன்றும் அதே அண்ணா சாலையில்தான் இருக்கிறது. யுனைடெட் இந்தியா என்ற பெயர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1938-இல் தொடங்கிய பொதுக் காப்பீட்டுப் பிரிவு, அரசு நிறுவனமாக, அப்பெயரோடு சென்னையில் இயங்கிவருகிறது. 2019-இல் கட்டடத்தின் அருகே சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் நிலையம் திறந்தார்கள். அதற்கும் எல்.ஐ.சி. என்றே பெயர். சென்ட்ரலில் நம் ஊர் ரயிலை விட்டு இறங்கி மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம்.