பொறியாளராக முடியாத ஆர்தர் லூயிஸ்

மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிற நான் ஒரு பொருளியல் நிபுணரைப் பற்றி எழுதுறேன்னு நண்பர்கள் சிரிக்கிறாங்க. காரணம் இருக்கு. சர் ஆர்தர் லூயிஸும் முதலில் பொறியாளராகத்தான் ஆசைப்பட்டார்.

1915 ஜனவரி 23-ல் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். ஏழு வயதில் உடம்புக்கு முடியாமல் சில வாரங்கள் வீட்டில் கிடந்தபோது அப்பாவே பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்குத் திரும்பியதும் பையனை இரண்டு வகுப்பு மேலே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வயதிலேயே அப்பாவும் இறந்துபோனார். அம்மா ஒரு கடை நடத்தி ஐந்து ஆண்பிள்ளைகளையும் ஆளாக்கினார். 14 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. ஆனால் உபகாரச் சம்பளத் தேர்வு எழுத வயசு போதாது. அரசாங்கக் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்து, 1932-ல் வென்றார்.

அப்புறம் ஏன் பொறியியல் எடுக்கவில்லை? தீவில் பொறியாளருக்கு வேலை தரக்கூடியவை இரண்டுதான்: காலனி அரசாங்கமும் கரும்புத் தோட்டங்களும். இரண்டுமே கறுப்பரை எடுக்காது. கணக்குப் பாடம் பிடிக்கலைன்னு போன செமஸ்டரில் படிப்பையே விடப் பார்த்த எனக்கு, இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

பொருளியல் என்றால் என்னவென்றே தெரியாமல் லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போனவர், அங்கேயே முதல் கறுப்பின விரிவுரையாளர் ஆனார். 33 வயதில் மான்செஸ்டரில் பேராசிரியர்.

அவரைப் பெரிய ஆளாக்கிய யோசனை நம்ம பக்கத்து ஊரில்தான் பிறந்தது. 1952 ஆகஸ்டில் பாங்காக் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு அது தோன்றியதாம். கரும்புத் தொழில் எவ்வளவோ முன்னேறியும் தொழிலாளி ஏன் வெறுங்காலோடு நடக்கிறான்? பிழைப்புக்கு மட்டும் போதுகிற விவசாயத்தில் ஏகப்பட்ட பேர் இருக்கும்வரை, அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே ஆள் கிடைக்கும். உற்பத்தி பெருகினாலும் கூலி ஏறாது. லாபம் முதலாளிக்கும், மலிவுவிலை வாங்குகிறவனுக்கும் போகும். இதை 1954-ல் கட்டுரையாக வெளியிட்டார். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சம்பளம் கேட்டால், வேலைக்கு வெளியே பத்துப் பேர் நிற்கிறான் என்பாராம் கங்காணி. தாத்தா கண்ட கணக்கும் இதேதான்.

1957-ல் கானாவுக்குப் போய் நுக்ருமாவின் பொருளியல் ஆலோசகரானார். பணத்தை எதில் போடுவது என்பதில் ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய காலம். 1958-ல் பத்துப் பிரிட்டிஷ் தீவுப் பகுதிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டரசு அமைத்தன. தனித்தனியாக நின்றால் சின்னத் தீவுகள் தாங்காது என்று லூயிஸ் நம்பினார். 1961-ல் ஜமாய்க்கா வாக்கெடுப்பு நடத்தி விலகியது. பின்னாலேயே டிரினிடாட். மிச்சமிருந்த எட்டையாவது ஒட்டவைக்க, பல்கலைக்கழகத் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டே தீவு தீவாக அலைந்து தலைவர்களிடம் பேசினார். ஒன்றும் ஒட்டவில்லை. 1962-ல் கூட்டரசு கலைந்தது. (1965 நினைவிருக்கும் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வலி புரியும்.) அந்த எட்டுத் தீவுகளின் வேதனையை ஒரு சிறு நூலாகவே எழுதினார்.

பிறகு பிரின்ஸ்டனில் பேராசிரியர் வேலை. அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1970-ல் பார்படோஸில் கரீபியன் வளர்ச்சி வங்கி தொடங்கியபோது, முதல் தலைவராக வந்து 1973 வரை நடத்தினார். ஒரே கொடியின் கீழ் வராத தீவுகள் ஒரே வங்கியில் பங்காளிகளாயின. அரசியலால் முடியாததைக் கடன் பத்திரம் கொஞ்சம் செய்தது என்பேன்.

1979-ல் தியடோர் ஷூல்ட்ஸோடு நோபெல் பரிசு. அமைதிப் பரிசு தவிர்த்த துறையில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவர்தான்.

1991 ஜூன் 15-ல் பார்படோஸில் காலமானார். செயின்ட் லூசியாவில், தன் பெயர் தாங்கிய கல்லூரி வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லூரியில் இன்று தீவுப் பிள்ளைகள் பொறியியல் தொழில்நுட்பமும் படிக்கிறார்கள்.