பெயரை மறுத்த நூலகர்

டால்ஸ்டாயும் தாஸ்தாயெவ்ஸ்கியும் தமிழ் வாசகர்க்குப் புதியவர் அல்லர். அவ்விருவரும் வியந்து நோக்கிய எளிய மனிதர் ஒருவர் ருஷ்ய நாட்டில் வாழ்ந்தார். நிக்கொலாய் ஃபியோதரோவ் என்னும் அப்பெரியார் பதினான்கு ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராகவும், பின்னர்க் கால் நூற்றாண்டுக்கு மேலாக மாஸ்கோ நகரில் நூலகராகவும் பணியாற்றியவர். பிறர் நூல்களைக் காப்பதில் வாழ்நாளைக் கழித்த அவர், தம் பெயரில் ஒரு நூலையும் வெளியிட இசையவில்லை.

1829ஆம் ஆண்டு பிறந்த அவர் இளவரசர் பாவெல் ககாரினின் மைந்தர். ஆயினும் மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவர். ஆதலின் தந்தையின் குடிப்பெயர் அவருக்குக் கிட்டவில்லை. ஞானத்தந்தையின் பெயரே அவர் பெயராயிற்று. பெயர்மீது அவர் பிற்காலத்தில் காட்டிய பற்றின்மைக்கு இப்பிறப்பே வித்திட்டது என்று கருத இடமுண்டு. ஒதெஸா நகரில் உயர்கல்வி பயின்ற அவர், தம்மை ஆதரித்த தந்தையின் உடன்பிறந்தார் மறைந்தபின் படிப்பை முடிக்காமலே வெளியேறினார்.

1854ஆம் ஆண்டில் லீப்பெட்ஸ்க் என்னும் ஊரில் தொடங்கியது ஆசிரியப்பணி. 1868 வரை ஒருபள்ளி விட்டு மறுபள்ளியாக அவர் மாறிக்கொண்டே இருந்தார். கற்பித்தவை வரலாறும் புவியியலும். பாடநூலை ஒப்பிக்கச் செய்யும் முறை அவருக்கு உடன்பாடன்று. மாணவர் தம் ஊரின் மண்ணையும், தலைக்குமேல் உள்ள விண்மீன்களையும், அவ்வூரில் வாழ்ந்து மறைந்தோர் வரலாற்றையும் தாமே கண்டறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இத்தகைய ஆசிரியர் மேலதிகாரிகளோடு ஒத்துப்போதல் அரிது. மாணவன் ஒருவனின் தந்தை நோயுற்றபோது கையிலிருந்த பொருளையெல்லாம் கொடுத்தார். அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்காகத் தம் சீருடையையே விற்றுவிட்டுக் கந்தல் உடையோடு வகுப்புக்குச் சென்றார். அந்நேரம் பார்த்துப் பள்ளி ஆய்வாளர் வந்து சேர்ந்தார் என்று அவரை அறிந்தோர் எழுதிவைத்துள்ளனர். 1866ஆம் ஆண்டில், அரசரைக் கொல்ல முயன்ற வழக்கில் நண்பர் பீட்டர்சன் சிறைப்பட, அந்நட்பு காரணமாக ஃபியோதரோவும் சிலகாலம் காவலில் வைக்கப்பட்டார். உண்மையில் அவர் முடியாட்சியைப் போற்றியவர்!

மாஸ்கோவில் முதலில் செர்ட்கோவ் நூலகத்திலும், 1874 முதல் 1898 வரை ருமியான்செவ் அருங்காட்சியக நூலகத்திலும் அவர் பணிபுரிந்தார். வாசிப்பறைப் பொறுப்பாளர் என்பதற்கு மேற்பட்ட பதவியை அவர் விரும்பவில்லை. ஒருவர் ஒரு நூலைக் கேட்டால், அப்பொருள்பற்றி அவர் அறிந்திராத வேறு பல நூல்களும் சேர்ந்து மேசைக்கு வரும். நூலகத்தில் இல்லாத நூலைத் தம் சிறு ஊதியத்தில் வாங்கி அளித்ததும் உண்டு. எஞ்சியது ஏழைகளுக்கு. தேநீரும் ரொட்டியும் உணவு, மரப்பெட்டியே படுக்கை. ஒவ்வொரு நூலோடும் அதன் பொருளைச் சுருக்கிக் கூறும் அட்டை ஒன்றை நூலாசிரியரே எழுதி இணைத்தல் வேண்டும் என்றும், நாடுகள் தம்முள் நூல்களை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இவ்வளவு உழைப்புக்கும் பின்னால் வியப்பூட்டும் கருத்தொன்று நின்றது. இறந்தோர் அனைவரையும் அறிவியலின் துணையால் மீண்டும் உயிர்ப்பித்தலே மானிடர் அனைவர்க்கும் உரிய பொதுப்பணி என்று அவர் உறுதியாக நம்பினார். மைந்தர் தந்தையர்க்குப் பட்ட கடன் அது. உயிர்பெற்று எழுவோர்க்கு இந்நிலவுலகு போதாது. ஆகவே விண்வெளியிலும் மனிதர் குடியேற வேண்டும் என்றார். இதனை நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆனால் அவருக்கு நூல் என்பது தாளும் மையும் அன்று. மறைந்த மனிதர் ஒருவரின் எஞ்சிய உயிர்ப்பகுதி. நடுகல் நாட்டி முன்னோரை நினைந்த மரபில் வந்தோர்க்கு இவ்வுணர்வு முற்றிலும் அயலானதன்று.

டால்ஸ்டாய் ஒருநாள் நூல் அடுக்குகளைப் பார்த்து, இவற்றையெல்லாம் எரித்துவிடலாம் என்னும் பொருள்படக் கூறினாராம். நூலகர் தலையில் கைவைத்துக்கொண்டு, இப்படியொரு மூடரைத் தாம் கண்டதில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என ஒரு செய்தி வழங்குகிறது. டால்ஸ்டாய் விளையாட்டாகச் சொல்லியிருக்கக்கூடும். கேட்டவர்க்கு அது கொலைக்கு நிகரான பேச்சு. 1892ஆம் ஆண்டில் பஞ்சம்பற்றி டால்ஸ்டாய் எழுதிய கட்டுரை அயல்நாட்டு இதழில் வெளிவந்தபோது இவர்களது நட்பு அடியோடு முறிந்தது.

தாஸ்தாயெவ்ஸ்கிக்கு அவர் கருத்துகள் பீட்டர்சன் வழியே, ஆசிரியர் பெயரின்றிச் சென்றன. 1878இல் அவர் எழுதிய மறுமொழியில் அக்கருத்துகளைத் தம்முடையவை போலவே ஏற்றுக்கொண்டு, இச்சிந்தனையாளர் யாவர் என வினவியிருந்தார். ஒரு வரி அச்சேறினும் அதன்கீழ்த் தம் பெயரைத் தேடும் எழுத்துலகில், அவ்வினாவுக்கு முன்னும் மறைந்தே நிற்க ஒருவரால் முடிந்தது. கருத்தைத் தனியுடைமை ஆக்குதலை அவர் பாவமாகவே எண்ணினார். தம்மைப் படம் எடுக்கவும் அவர் இசைவதில்லை. ஓவியர் லியொனீத் பாஸ்டர்நாக், கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக்கின் தந்தை, வாசிப்பறையில் மறைவாக அமர்ந்து வரைந்த கோட்டோவியத்தாலேயே அவர் முகம் நமக்குத் தெரியவந்துள்ளது.

செர்ட்கோவ் நூலகத்துக்கு 1873ஆம் ஆண்டளவில் செவிப்புலன் குன்றிய ஏழைச் சிறுவன் ஒருவன் வந்தான். வெறும் ரொட்டியை உண்டு நாள்முழுதும் படித்த அவனுக்கு வேண்டிய நூல்களையெல்லாம், தடைசெய்யப்பட்டவை உட்பட, எடுத்து அளித்தவர் இந்நூலகரே. அச்சிறுவனே பின்னாளில் விண்வெளிப் பயண இயலின் முன்னோடியான சியோல்கோவ்ஸ்கி. ஃபியோதரோவ் முன்பு கற்பித்த போரவ்ஸ்க் என்னும் சிற்றூரிலேயே 1880 முதல் அவரும் ஆசிரியராக இருந்தார். எறிகணை விசையால் விண்வெளியை அடைவதுபற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1903இல் வெளிவந்தது.

அவ்வாண்டின் கடுங்குளிர் டிசம்பரில், நுரையீரல் அழற்சியால் ஃபியோதரோவ் ஏழையர் மருத்துவமனை ஒன்றில் காலமானார். நண்பர்கள் கொஜேவ்னிகோவும் பீட்டர்சனும் சிதறிக் கிடந்த கைப்பிரதிகளைத் தொகுத்தனர். முதல் தொகுதி 1906இல், இன்று அல்மாட்டி எனப்படும் வேர்னி நகரில், 480 படிகள் மட்டுமே அச்சாயிற்று. விலை குறிக்கப்படவில்லை, கேட்டவர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. அவரை அடக்கம் செய்த கன்னிமடத்துக் கல்லறைத்தோட்டம் 1929ஆம் ஆண்டை ஒட்டித் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் பின்பு குழந்தைகள் விளையாடினர்.