தஞ்சாவூரில் பிறந்த லண்டன் ஆடிட்டர், ரைஸ் மில்லை எதிர்த்தது ஏன்? யார் இந்த ஜே.சி.குமரப்பா?

டெல்டாவுக்கு ஒரு புதுத் திட்டம் வருகிறது என்றாலே டீக்கடை பெஞ்சு வரைக்கும் ஒரே கேள்விதான் ஓடும். இதை யார் முடிவு பண்ணினார்கள், நம்மிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் அந்தக் கேள்வி.

2010-ல் மன்னார்குடி பகுதியில் மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டபோதும் இந்தக் கோபம் வெடித்தது. 2017-ல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தின்போதும் அதேதான். முடிவு எடுப்பது டெல்லி, லாபம் கம்பெனிக்கு, நிலமும் தண்ணியும் போனால் நஷ்டம் விவசாயிக்கு. இதுதான் ஊர் மக்கள் போட்ட கணக்கு.

இந்தக் கணக்கை 1930-களிலேயே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து போட்டுக் காட்டிய ஒருவர் இருக்கிறார். அவர் பிறந்ததும் இதே தஞ்சாவூரில்தான். பெயர் ஜே.சி.குமரப்பா. காந்தியின் பொருளாதார நிபுணர் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்போம். அவர் யார், அரசோடும் பெரிய கம்பெனிகளோடும் அவருக்கு என்ன சண்டை? பார்க்கலாம்.

கோட்டு சூட்டு போட்ட ஆடிட்டர்

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் அதிகாரி. வசதிக்குக் குறைவில்லாத வீடு.

லண்டன் போய் கணக்குத் தணிக்கை படித்தார். அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1919-ல் திரும்பி வந்து பம்பாயில் ஆடிட்டராக இருந்தார். உடையும் பேச்சும் பழக்கமும் எல்லாமே ஆங்கிலேய பாணி. சுதந்திரப் போராட்டத்துக்கும் அவருக்கும் அப்போது பெரிய தொடர்பு கிடையாது.

திருப்பம் வந்தது அமெரிக்காவில். 1927-ல் மேற்படிப்புக்காக அங்கே போனார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் அவர் பேசியது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளியானது. அப்போது அவர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். செய்தியைப் பார்த்த அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதையே ஆராய்ச்சித் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆடிட்டர் கண்ணோடு பிரிட்டிஷ் இந்திய அரசின் வரவு செலவைப் புரட்டினார் குமரப்பா. ஏழைகளிடம் வசூலித்த வரி எங்கே போகிறது என்று தேடினார். ராணுவத்துக்கு, கடனுக்கு வட்டிக்கு, அதிகாரிகளின் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வரி கட்டியவனின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் வந்தது சொற்பம். படிக்கப் போன மனிதர் வேறு ஆளாகத் திரும்பினார்.

மரத்தடியில் ஒரு சந்திப்பு

1929 மே மாதம், தன் ஆய்வை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் ஒரு வயசான மனிதர் தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். காந்தியைப் பார்க்கும் நேரத்துக்காகக் காத்திருந்த குமரப்பாவுக்கு, அந்தப் பெரியவர்தான் காந்தி என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. போட்டிருந்த சூட்டோடு தரையில் உட்கார்ந்தார்.

அந்த ஆய்வை காந்தி தன் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். கையோடு குமரப்பாவுக்கு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய், ஒரு விவசாயக் குடும்பத்தின் உண்மையான வரவு செலவு என்ன என்று கணக்கெடுக்கும் வேலை. கோட்டு சூட்டு போய் கதர் வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயர் போய், தாத்தாவின் பெயரான குமரப்பா நிலைத்தது. உப்பு சத்தியாகிரக காலத்தில் யங் இந்தியாவை நடத்தினார். சிறைக்கும் போனார்.

காந்தி செலவுக்கும் கட்டுப்பாடு

கணக்கு விஷயத்தில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1934-ல் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு வழக்கு குமரப்பாவின் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்திருந்தார்.

காந்தியும் அவருடைய குழுவும் அங்கே வந்தபோது பாலும் பழமும் சேர்த்துச் செலவு அந்த வரம்பைத் தாண்டும் நிலை. நிவாரணப் பணத்திலிருந்து அதைத் தர முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளரிடம் நேராகவே சொல்லிவிட்டார். மக்கள் பணம் என்றால் காந்திக்கும் விதிவிலக்கு இல்லை.

ரைஸ் மில் மேல் என்ன கோபம்?

அதே 1934-ன் கடைசியில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. சங்கம் கையில் எடுத்த முக்கியமான விஷயங்களில் ஒன்று அரிசி. டெல்டாக்காரர்களுக்கு ரொம்பவே நெருக்கமான கதை இது.

அதுவரை நெல் குத்துவது என்றால் உரலும் உலக்கையும்தான். நிலமில்லாத வீட்டுப் பெண்கள் குத்துக்கூலியாக நெல்லோ அரிசியோ வாங்கிப் போவார்கள். தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு. எல்லாம் ஊருக்குள்ளேயே சுற்றும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தஞ்சை மாவட்டத்தில் மில்கள் பெருகின. நெல் வண்டி மில்லை நோக்கிப் போக ஆரம்பித்தது.

மில் வேகமாக அரைக்கும், அரிசி வெள்ளையாக வரும், கூலி மிச்சம். இது மில் முதலாளியின் கணக்கு. குமரப்பா அந்தக் கணக்கில் விட்டுப்போன வரிகளை எழுதினார்.

முதல் வரி, கூலி. குத்துக்கூலியை நம்பி அடுப்பெரிந்த வீட்டில் இனி என்ன எரியும்? மில்லுக்கு மிச்சமான அந்தக் கூலி, இந்தப் பெண்களுக்கு முழு நஷ்டம்.

இரண்டாவது வரி, உடம்பு. அரிசியின் பி1 வைட்டமின் பெரும்பாலும் தவிட்டில் இருக்கிறது. வெள்ளையாகத் தீட்டத் தீட்ட அது போய்விடும். வெறும் தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்த இடங்களில் பெரிபெரி என்ற நோய் வந்தது. புழுங்கல் அரிசியில் வேக வைக்கும்போதே சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால் பாதிப்பு குறைவு. பச்சரிசியைப் பாலீஷ் போட்டால் இழப்பு அதிகம்.

மூன்றாவது வரி, பணம். இன்ஜினுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் காசு ஊரை விட்டு, பல நேரம் நாட்டை விட்டே போகிறது. ஊருக்குள் சுற்றிய காசு திரும்பி வருவதில்லை.

டால்டா, டிராக்டர்... நீண்டுகொண்டே போன பட்டியல்

அரிசியோடு நிற்கவில்லை. 1937-ல் டால்டா சந்தைக்கு வந்தது. செக்கு எண்ணெயும் நெய்யும் இருந்த இடத்தைப் பெரிய கம்பெனிகளின் வனஸ்பதி பிடித்தது. குமரப்பா அதைக் கடுமையாக எதிர்த்தார்.

டிராக்டர் நன்றாக உழும், ஆனா சாணி போடாது என்று அவர் கிண்டலாகச் சொன்னதாக இயற்கை விவசாயிகள் இன்றும் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஆடிட்டர் கணக்குதான். மாடு ஊரில் விளைவதைத் தின்று ஊருக்கே உரம் தரும். டிராக்டர் வெளியிலிருந்து எரிபொருள் கேட்கும், அப்புறம் உரத்துக்கும் வெளியே போய் நிற்க வேண்டும்.

அப்போ மெஷினே வேண்டாம் என்றாரா?

இல்லை. இங்கேதான் பலரும் அவரைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வார்தாவில் அவர் இருந்த மகன்வாடி ஒரு தொழில்நுட்பக் கூடம் மாதிரிதான் இயங்கியது. எண்ணெய்ச் செக்கை மேம்படுத்தினார்கள். கைக் காகிதம், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு என்று சோதனைகள் நடந்தன. இறக்குமதி மண்ணெண்ணெயை நம்பாமல் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் அவர் கேட்டது, இதனால் யாருக்கு லாபம், செலவு யார் தலையில், ரிப்பேர் ஆனால் சாவி யார் கையில் என்பதைத்தான். பதில் ஊர்க்காரன் பக்கம் இருந்தால் அந்தத் தொழில்நுட்பத்தை வரவேற்றார். கம்பெனி பக்கமும் அதிகாரி பக்கமும் மட்டும் சாய்ந்தால் எதிர்த்தார்.

1942 போராட்டக் காலத்தில் மீண்டும் சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இந்தச் சிந்தனைகளை நிலைத்த பொருளாதாரம் என்ற கருத்தாக ஒரு புத்தகத்தில் எழுதினார். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுத்தால் தீர்ந்துபோகும் வளங்களை நம்பிய பொருளாதாரம் ஒருநாள் சண்டையில்தான் முடியும் என்பது அதன் சாரம். சூழலியல் என்ற சொல்லே பொதுப் பேச்சில் இல்லாத காலம் அது.

நம்ம ஆட்சி வந்த பிறகும் சண்டை

வெள்ளைக்காரன் போனதும் சண்டை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சொல்லப்போனால் உரசல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பாவும் உறுப்பினர். பேச்செல்லாம் பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றியே போனதால் சில மாதங்களில் விலகினார்.

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1949-ல் வந்த அறிக்கை, உழுபவனுக்கே நிலம், இடைத்தரகர் கூடாது, நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பண்ணையாள் முறை வேரோடியிருந்த தஞ்சைக்கு இதைவிட அவசரமான விஷயம் இருந்திருக்காது. ஆனா பரிந்துரைகளில் பெரும்பகுதி ஏட்டோடு நின்றது.

1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதற்குள் அமெரிக்க நிதியும் நிபுணர்களும் வந்ததை அவர் ஏற்கவில்லை. காந்தி பிறந்தநாளில் தொடங்கிய திட்டம் என்பதற்காக அவர் மென்மை காட்டவில்லை. உடல்நிலை மோசமானதும் மதுரை அருகே தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். குடிசையில் இரண்டு படங்கள். ஒன்று காந்தி. இன்னொன்று பெயர் தெரியாத ஓர் ஏழை விவசாயி. வந்தவர்கள் யார் என்று கேட்டால், அவர் தன் குருவுக்கே குரு என்பார்.

அவர் பக்கமும் ஓட்டை இல்லாமல் இல்லை

குமரப்பாவை விமர்சிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உலக்கை பிடிப்பது லேசான வேலை இல்லை. நாள் முழுக்கக் குத்திய பெண்ணின் தோள்வலிக்கு மில் ஒரு விடுதலைதான். கைக்குத்தல் அரிசியை ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாது, சீக்கிரம் கெட்டுவிடும். லட்சக்கணக்கானவர்களுக்கு ரேஷன் கொடுக்க வேண்டிய அரசு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? இதற்கெல்லாம் அவருடைய கணக்கில் முழுப் பதில் இல்லை.

ஆனா அரசு அவரைப் போன்றவர்களின் குரலை முழுசாகத் தள்ளிவிடவும் இல்லை. 1958-ல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. புதிய மில் தொடங்க அனுமதி வாங்க வேண்டும், கைக்குத்தல் தொழிலுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்க வேண்டும் என்றது சட்டம். 1997-ல் அது ரத்தானது.

பிறந்த மண்ணில் நடந்தது

1960 ஜனவரி 30. காந்தி நினைவு நாளிலேயே குமரப்பா காலமானார். கல்யாணமோ சொத்தோ இல்லாத வாழ்க்கை அது.

அதே 1960-ல், ஃபோர்டு அறக்கட்டளை துணையுடன் வந்த தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கடனும் ஒரே பொட்டலமாக வந்தன. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி.27 ரகம் குறுவையில் புகழ்பெற்றது. விளைச்சல் கூடியது, நாட்டின் பசிக்கு அது உதவியது. கூடவே விதைக்கும் உரத்துக்கும் கடையை நம்பும் பழக்கமும் வந்தது. பின்னாளில் அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்ட நம்மாழ்வாரும் தஞ்சை மாவட்டம் இளங்காட்டுக்காரர். மீத்தேனுக்கு எதிரான பிரசாரத்தில் இருந்தபோதுதான் 2013-ல் அவர் உயிர் பிரிந்தது.

டெல்டாவின் கோபத்துக்குப் பலனும் கிடைத்தது. மீத்தேன் திட்டம் கைவிடப்பட்டது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

இப்போ அரிசிக்கே திரும்பி வருவோம். 2021 ஆகஸ்ட் 15-ல், அரசுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் செறிவூட்டிய அரிசி தரப்படும் என்று பிரதமர் அறிவித்தார். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில், இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்தார்கள். ரத்தசோகையைக் குறைக்க என்பது அரசு சொன்ன காரணம். ரேஷனை நம்பும் குடும்பத்துக்கு வேறு அரிசி வாங்க வழி உண்டா, சத்துக் கலவை விற்கும் கம்பெனிகளுக்கு எவ்வளவு போகிறது என்பது எதிர்த்தவர்களின் கேள்வி.

மில்லில் தவிட்டோடு சத்தை எடுத்துவிட்டு, கம்பெனியிடம் காசு கொடுத்து வேறு சத்தை வாங்கிச் சேர்த்தோம். இந்தக் கணக்கு தஞ்சாவூர் ஆடிட்டரின் மேஜைக்கு வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் செலவுப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருப்பார்.